தமிழக அரசு ஓய்வூதியம்: முதல் ஆண்டின் காகித வேலையும் வரிக் கணக்கும்

2003 ஏப்ரல் 1-க்கு முன் தமிழக அரசுப் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வு பெறுபவர்களுக்கான வழிகாட்டி இது. பங்களிப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பாதிக்கு மேல் பொருந்தாது. வரி எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.

வேலைகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் ஆண்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததால் வருபவை. பெயர் திருத்தாமல் ஓய்வூதிய முன்மொழிவு அனுப்புவது, பழைய அலுவலகச் சம்பளத்தையும் கருவூல ஓய்வூதியத்தையும் கூட்டிப் பார்க்காமல் பணத்தைச் செலவழிப்பது, அரியருக்கான 10இ படிவம் போடாமல் ரிட்டர்ன் போடுவது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

1. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்: பெயரும் பிறந்த தேதியும்

பணிப்பதிவேடு, ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம் நான்கையும் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பணிப்பதிவேட்டில் எஸ். முருகேசன், ஆதாரில் முருகேசன் எஸ், பானில் முருகேசன் சுப்பையா என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை மட்டும் எழுத விடமாட்டார்கள். அதனால் அப்பா பெயர் முழுசாக அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எழுத்தர் பார்த்தால் ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்வார். கணினிக்கு இவர்கள் மூன்று பேர்.

திருத்தும் வரிசை: முதலில் பணிப்பதிவேட்டைப் பாருங்கள். அதில் உள்ள பிறந்த தேதியைக் கடைசி நேரத்தில் மாற்ற முடியாது, எனவே மற்றவைதான் அதற்கு ஒத்துவர வேண்டும். அடுத்து ஆதார், அதன்பின் பான், கடைசியாக வங்கி. பானையும் வங்கிக் கணக்கையும் திருத்த ஆதாரைத்தான் சான்றாகக் கேட்பார்கள் என்பதால் இந்த வரிசை.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். மையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக ஒரு வாய்ப்பு வீணாகிறது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னால் ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மனைவி அல்லது கணவரின் ஆவணங்களையும் இதேபோலப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பள்ளிச் சான்று இல்லாத பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள். குடும்ப ஓய்வூதியத்திலும் 80 வயதில் 20 சதவீதக் கூடுதல் தொகை உண்டு. அந்த வயதைப் பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) பதிவான பிறந்த தேதியை வைத்தே கணக்கிடுவார்கள். நீங்கள் இல்லாத காலத்தில் அவர் தனியாகக் கருவூலத்துக்கு அலைவதைவிட இப்போதே சரிசெய்வது எளிது.

பான், ஆதார் இணைப்பை வருமான வரித் தளத்தில் உள்நுழையாமலே சரிபார்க்கலாம். இணைக்கவில்லை என்றால் பான் செயலிழந்ததாகக் கருதப்படும். வரிக்கு வரும் ஓய்வூதியத்தில் கூடுதல் விகிதத்தில் பிடிக்க அது வழிவிடும். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய்.

2. முன்மொழிவு ஏ.ஜி. அலுவலகத்துக்குப் போகும் முன்

உங்கள் அலுவலகம் ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) அலுவலகத்துக்கு அனுப்பும் ஓய்வூதிய முன்மொழிவை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பணிப்பதிவேட்டில் ஊதியமில்லா விடுப்பு, தற்காலிகப் பணிநீக்கக் காலம் போன்றவை எப்படி முறைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதற்கு ஆணை எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். ஆணை இல்லாத ஒரு பதிவு போதும், மொத்தக் கோப்பும் திரும்பி வந்துவிடும். நிலுவையின்மைச் சான்று, வாரிசு நியமனப் படிவங்கள், கூட்டுப் புகைப்படம், அங்க அடையாள விவரம், மாதிரிக் கையொப்பம் எல்லாம் வழக்கமானவை. பிரிவு எழுத்தரிடம் பட்டியல் இருக்கும்.

வங்கிக் கணக்கு: சம்பளக் கணக்கையே தொடரலாம். துணைவரோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் இயக்கலாம் என்ற முறையில் இருப்பது நல்லது. பாஸ்புத்தகத்தின் பழைய முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020-ல் இணைந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இன்னும் பல பாஸ்புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் முதல் மாத ஓய்வூதியமே திரும்பிப் போகும்.

கம்யூடேஷன் முடிவையும் இப்போதே எடுங்கள். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒப்படைத்து மொத்தத் தொகையாகப் பெறலாம். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தள்ளிப்போட்டால் அந்த வேலையும் சேரும். வரிப் பக்கம் இரண்டு லாபம்: கிடைக்கும் மொத்தத் தொகைக்கு வரி இல்லை, மாதாமாதம் வரிக்கு வரும் தொகையும் குறைகிறது. அகவிலைப்படி, குறைக்கப்படாத முழு ஓய்வூதியத்தின் மேல்தான் கணக்கிடப்படும் என்பதால் பலர் பயப்படும் அளவுக்குக் கைக்கு வருவது குறையாது.

3. பி.பி.ஓ. வந்ததும் வரி வரியாகச் சரிபாருங்கள்

ஏ.ஜி. அலுவலகத்திலிருந்து ஓய்வூதியம், கம்யூடேஷன், பணிக்கொடை மூன்றுக்கும் ஆணைகள் வரும். உங்களுக்கு ஒரு நகல், கருவூலத்துக்கு ஒரு நகல். கீழே உள்ளவற்றை உங்கள் கடைசி ஊதியச் சான்றோடு ஒப்பிடுங்கள்:

• பெயர், பிறந்த தேதி, ஓய்வு தேதி
• தகுதியுள்ள பணிக்காலம், கடைசி ஊதியம்
• முழு ஓய்வூதியம், ஒப்படைத்த பங்கு, குறைக்கப்பட்ட ஓய்வூதியம்
• துணைவர் பெயர், பிறந்த தேதி
• குடும்ப ஓய்வூதியத்தின் இரண்டு விகிதங்களும் கூடுதல் விகிதம் முடியும் தேதியும்
• பணம் தரும் கருவூலத்தின் பெயர்

கடைசி ஊதியத்தில் ஓர் ஊதிய உயர்வு விட்டுப்போயிருந்தால் ஓய்வூதியம், பணிக்கொடை, கம்யூடேஷன் மூன்றுமே குறையும். பிழை தெரிந்ததும் நேராக ஏ.ஜி. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது வீண். திருத்திய முன்மொழிவு உங்கள் பழைய அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே உங்கள் கோப்பைத் தெரிந்த எழுத்தர் மாறுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

கம்யூடேஷன் தொகை வங்கியில் வரவான தேதியைப் பி.பி.ஓ. நகலின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். ஒப்படைத்த பங்கு 15 ஆண்டு கழித்துத் திரும்ப வரும்போது அந்தத் தேதியைத் தேட வேண்டியிருக்கும்.

4. கருவூலத்தில் முதல் நாள்

சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம், மற்ற ஊர்களில் மாவட்டக் கருவூலம் அல்லது சார் கருவூலம். பி.பி.ஓ. அசல், ஆதார், பான், புதிய பாஸ்புத்தகப் பக்கம், கடைசி ஊதியச் சான்று, புகைப்படங்கள் எடுத்துப்போங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

இவற்றோடு யாரும் கேட்காத ஒரு கடிதத்தையும் கொடுங்கள். ஏப்ரல் முதல் ஓய்வு நாள் வரை வாங்கிய சம்பளம், பிடித்த வரி, நீங்கள் விரும்பும் வரி முறை புதியதா பழையதா என்பதை எழுதி, பழைய அலுவலகத்தின் சம்பள விவரப் பட்டியலை இணைத்துவிடுங்கள். இரண்டாம் பிரதியில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். ஏன் என்பது ஆறாவது பகுதியில் தெரியும்.

தமிழக அரசின் களஞ்சியம் செயலியில் உங்கள் கைப்பேசி எண்ணும் பானும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று முதல் மாதமே பாருங்கள். ஓய்வூதியச் சீட்டும், வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ம் பின்னால் அதில் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டுச் சந்தா பிடித்தம் தொடங்கிவிட்டால் துணைவர் பெயரும் அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் நடக்கிறது என்பதாலேயே அட்டை சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

5. எதற்கு வரி, எதற்கு இல்லை

ஓய்வின்போது வரும் பெரிய தொகைகளுக்கு அரசு ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை. பணிக்கொடை, கம்யூடேஷன் தொகை, ஓய்வின்போது ஈட்டிய விடுப்புக்குத் தரும் பணம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் விலக்கு. தனியார் ஊழியருக்கு உள்ள உச்சவரம்பு இங்கே இல்லை. ஆனால் பணியில் இருந்தபோதே ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து வாங்கிய ஈ.எல். சரண்டர் பணம் அதே ஆண்டில் வந்திருந்தால் அதற்கு வரி உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மொத்தத்தையும் விலக்கில் காட்டுபவர்கள் உண்டு.

மாத ஓய்வூதியத்துக்கு வரி உண்டு. அது சம்பளத் தலைப்பில்தான் வரும், எனவே புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000 நிலைக் கழிவு (செலவுக் கணக்கு கேட்காமல் கழிக்கும் தொகை) கிடைக்கும். வரிக்கு வருவது குறைக்கப்பட்ட ஓய்வூதியமும் அகவிலைப்படியும்தான். ஒப்படைத்த பங்கையும் சேர்த்து முழு ஓய்வூதியத்தை வருமானமாகக் காட்டியிருந்தால் படிவம் 16-ஐத் திருத்தக் கேளுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் சம்பளம் இல்லை, இதர வருமானம். அதில் நிலைக் கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000, பழைய முறையில் 15,000, இதில் எது குறைவோ அது கழியும்.

6. முதல் ஆண்டின் பெரிய பொறி: இரண்டு படிவம் 16

ஓர் உதாரணம். ஒருவர் 2025 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெறுகிறார். கடைசி அடிப்படை ஊதியம் 1,20,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் சுமார் 12,00,000.

ஓய்வூதியம் 60,000. மூன்றில் ஒரு பங்கை ஒப்படைத்தபின் 40,000. முழு 60,000-க்கு 58 சதவீத அகவிலைப்படி 34,800. மாதம் 74,800, ஆறு மாதத்துக்கு 4,48,800.

பழைய அலுவலகம் தன் கணக்கை மட்டும் பார்க்கிறது: 12,00,000-ல் 75,000 போக 11,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி, வரி இல்லை. கருவூலமும் தன் கணக்கை மட்டும் பார்க்கிறது: 3,73,800, வரி இல்லை. இரண்டு அலுவலகமும் விதிப்படிதான் செய்கின்றன. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

கூட்டினால் 16,48,800. நிலைக் கழிவு ஒரு முறைதான், 75,000 போக 15,73,800. நான்கிலிருந்து எட்டு லட்சத்துக்கு 20,000, எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு 40,000, மீதி 3,73,800-க்கு 15 சதவீதம் 56,070. மொத்தம் 1,16,070. மேல்வரி 4 சதவீதமும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,20,710 ரூபாய். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இது மொத்தமாக முன்னால் நிற்கும். பணிக்கொடைப் பணத்தில் வீட்டு வேலை ஆரம்பித்தவருக்கு இது பெரிய அடி.

கருவூலத்தில் கொடுத்த அந்தக் கடிதம் இதற்காகத்தான். அதை ஏற்றுப் பிடித்தால் ஆறு மாதத்தில் பிரித்துக் கட்டிவிடலாம். கருவூலம் வரி பிடிக்கவில்லை என்றால் நீங்களே இந்தக் கூட்டலை ஓய்வு பெற்ற மாதமே போட்டு, தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஒரு நல்ல செய்தி: அந்த நிதியாண்டுக்குள் 60 வயது நிறைந்தவர், தொழில் வருமானம் இல்லாதவர் என்றால் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை. ஆகவே அதைக் கட்டாததற்கான வட்டியும் கிடையாது. ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும். விருப்ப ஓய்வில் 60-க்கு முன்பே வந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. பிடித்ததுபோக 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி நின்றால் தவணைகளில் கட்ட வேண்டும்.

7. 15எச் எதற்கு, எதற்கு இல்லை

ஓய்வூதியத்தில் வரி பிடிக்கக் கூடாது என்று கருவூலத்தில் 15எச் (மொத்த வருமானத்துக்கு வரி வராது என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழி) கொடுப்பது வீண் வேலை. அந்தப் படிவம் வங்கி வட்டி போன்ற வருமானத்துக்குத்தான். ஓய்வூதியத்தில் பிடித்தம் சம்பளக் கணக்குப்படி நடக்கும்.

வங்கியில் கொடுப்பதிலும் முதல் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் பிரித்துப் பாருங்கள். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால்தான் 15எச் கொடுக்கலாம். மேலே சொன்னவர் முதல் ஆண்டில் கொடுத்தால் அது தவறான உறுதிமொழி. அவரே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2 சதவீதத்தில் போட்டிருந்தால் இரண்டாம் ஆண்டுக் கணக்கு இப்படி: ஓய்வூதியம் 8,97,600, வட்டி 2,46,000, மொத்தம் 11,43,600. அகவிலைப்படி சற்று உயர்ந்தாலும் நிலைக் கழிவு போக 12 லட்சத்துக்குள்தான். அப்போது தாராளமாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும், வட்டி தரும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

60 கடந்தவர்களுக்கு ஒரு வங்கியின் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. வட்டி முழுவதும் ரிட்டர்னில் வர வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. வங்கியில் எண்ணைச் சொல்லிக் கேட்பதைவிட, வட்டியில் வரி பிடிக்காமலிருக்கத் தரும் உறுதிமொழிப் படிவம் என்று கேளுங்கள்.

8. அரியர் (நிலுவைத் தொகை) வந்தால் ரிட்டர்னுக்கு முன் 10இ

டிசம்பரில் ஓய்வு பெற்று, பி.பி.ஓ. தாமதமாகி, ஜூனில் ஆறு மாத ஓய்வூதியமும் சேர்ந்து வந்தால் அதில் மூன்று மாதம் முந்தைய நிதியாண்டைச் சேர்ந்தது. ஒரே ஆண்டில் குவிந்ததால் வரி கூடியிருந்தால் அந்தக் கூடுதலைக் கழிக்க வழி இருக்கிறது. அதற்கான படிவம் 10இ. வருமான வரித் தளத்தில் இதை முதலில் தாக்கல் செய்து, ஒப்புகை எண் வந்தபின்தான் ரிட்டர்ன் போட வேண்டும். ரிட்டர்னில் நிவாரணத்தைக் காட்டிவிட்டு 10இ போடாமல் விட்டால், நிவாரணத்தை நீக்கி வட்டியோடு வரி கேட்பார்கள்.

அரியரை ஆண்டு வாரியாகப் பிரித்த பட்டியல் இல்லாமல் இந்தப் படிவத்தை நிரப்ப முடியாது. கருவூலத்தில் பணம் வந்த மாதமே கேட்டு வாங்குங்கள். அரியர் முழுவதும் அதே நிதியாண்டுக்குள் அடங்கினால் 10இ தேவையே இல்லை.

9. ரிட்டர்ன்

ஜூன் பாதிக்குள் இரண்டு இடங்களிலிருந்தும் படிவம் 16 வாங்குங்கள். பிறகு வருமான வரித் தளத்தில், உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில், இரண்டு அலுவலகத்தின் டான் (வரி பிடிப்பவருக்கான எண்) எண்ணுக்கு நேராகவும் பிடித்தம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருந்தும் 26ஏஎஸ்-ல் வரவில்லை என்றால், அந்த அலுவலகம் காலாண்டு அறிக்கையை அனுப்பவில்லை அல்லது உங்கள் பானைத் தவறாக ஏற்றியிருக்கிறது. திருத்த வேண்டியது அவர்கள்தான். வரி பிடித்த அலுவலருக்கு மாதத்தையும் தொகையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அது சரியாகும் முன் அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டால் அதே வரியை மறுபடி கேட்டு நோட்டீஸ் வரும்.

ஓய்வூதியம், வட்டி, வீடு என்ற அளவில் மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஐ.டி.ஆர்.-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். பங்கு விற்றோ நிலம் விற்றோ லாபம் வந்திருந்தால் வேறு படிவம் தேவைப்படலாம்.

நிரப்பும்போது கவனிக்க:

• இரண்டு படிவம் 16-லும் நிலைக் கழிவு கழிந்திருக்கும். கழிப்பதற்கு முந்தைய தொகைகளைக் கூட்டி, ஒரே ஒரு முறை கழியுங்கள்.
• பணி வகையில் மற்றவை என்று தேர்ந்தெடுக்காதீர்கள். மாநில அரசு சார்ந்த வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் பணிக்கொடை, விடுப்புப் பணம் ஆகியவற்றின் முழு விலக்கு கேள்வியில்லாமல் நிற்கும்.
• வரி கட்டும் சலானில் 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. ஆண்டு தவறினால் கட்டிய பணம் கணக்கில் சேராது.
• பழைய முறை வேண்டுமென்றால் ஜூலை 31 கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிந்தினால் புதிய முறைதான்.

அனுப்பியபின் 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்யுங்கள். உறுதி செய்யாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம்.

10. அடுத்த ஆண்டு: நேர்காணல்

மாநில ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் (உயிரோடு இருப்பதற்கான சான்று தருவது) அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் சான்று கொடுப்பதைப் பார்த்து நீங்களும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

நேரில் போகலாம், அல்லது ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச்சான்று மூலம் வீட்டிலிருந்தே செய்யலாம். தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்து தர 70 ரூபாய். பி.பி.ஓ. எண்ணையும் ஓய்வூதியக் கணக்கு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, பணம் வழங்கும் அமைப்பாகத் தமிழகக் கருவூலம் தேர்வாகியிருக்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்லுங்கள். வங்கி என்று தேர்வானால் சான்று வேறெங்கோ போய்விடும். கைரேகை பதிந்ததும் பிரமாண் எண்ணோடு குறுஞ்செய்தி வரும். சான்று பதிவானதற்குத்தான் அது அத்தாட்சி. கருவூலம் ஏற்றுக்கொண்டதா என்பதைச் சில நாள் கழித்துத் தனியே பாருங்கள்.

தேய்ந்த விரலில் கைரேகை விழாவிட்டால் முகப் பதிவு முறையில் முயலலாம். அதுவும் ஆகவில்லை என்றால் கருவூலத்துக்கே போங்கள். சான்று இல்லாமல் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தாலும், கொடுத்தபின் நின்ற மாதங்களுக்கும் சேர்த்தே வரும். மார்ச் மாதத்தைத் தாண்டி வந்தால் மறுபடி 10இ-தான்.